நன்றி சொல்லப் போன வாத்தியார்

கடலூர் முதுநகரில் தேவசகாயம் வாத்தியாரை யாராவது ‘கவுன்சிலர் ஐயா’ என்று கூப்பிட்டால், அவர் காது கேட்காதவர்போல நடந்துபோய்விடுவார். ‘வாத்தியாரே’ என்றால்தான் திரும்புவார். பதவியில் இருந்தும் பெருமை இல்லாத மனிதர் என்று ஊர் அதற்கொரு விளக்கம் வைத்திருக்கிறது. ‘தானே’ புயலில் கூரை பறந்த வீடுகளுக்காக அவர் தாலுக்கா ஆபீசுக்கும் வார்டுக்குமாகச் செருப்புத் தேய அலைந்ததைச் சொல்லி, இப்படி ஒருத்தர் வாய்த்தது நம் பாக்கியம் என்பார்கள். ஊர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியுமா? அவர் அடக்கத்தால் ஓடவில்லை, வெட்கத்தால் ஓடுகிறார். அது என்ன வெட்கம் என்பதுதான் கதை.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இந்த நாட்டில் தேர்தல் வந்தால் வாத்தியார்களுக்குத்தான் வேலை. மற்றவர்கள் டாக்டர் சீட்டு வாங்கித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இவர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்போல வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போவார். வாக்குச்சாவடிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். புவனகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு கிழவரின் ஓட்டை அவர் வருவதற்குள் எவனோ போட்டுவிட்டுப் போய்விட்டான். ‘போ, போ’ என்று கட்சி ஏஜெண்டுகள் கிழவரை விரட்டினார்கள். தேவசகாயம் எழுந்து நின்று, அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, விசாரித்து, தனியாக ஒரு ஓட்டுச்சீட்டைக் கொடுத்துப் போடவைத்து உறையில் வைத்தார். டெண்டர் ஓட்டு என்று அதற்குப் பெயர். கோர்ட்டுக்குப் போனால் ஒழிய அந்த உறையை யாரும் பிரிக்கப்போவதில்லை. ஆனால் கிழவர் தலை நிமிர்ந்து வெளியே போனார். இந்தக் கதையை வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் சொல்லி, “அடுத்தவன் ஓட்டப் போடறதும் அடுத்தவன் தட்டுல கைய விட்டுச் சோத்த அள்றதும் ஒண்ணுதான்டா” என்று முடிப்பார்.

ரிட்டையர் ஆனபிறகு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இரண்டாயிரத்துப் பதினொன்றில் நகராட்சித் தேர்தல் வந்தது. அந்த வார்டில் பத்து வருஷமாக மணவாளன்தான் கவுன்சிலர். குழாயில் தண்ணீர் வராது, ஆனால் குழாய் திறப்பு விழாவுக்கு அவர் தவறாமல் வருவார். பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வந்து, “சார், நீங்க நின்னா நாங்க ஜெயிக்க வெக்கிறோம்” என்றார்கள். சுயேச்சை. பூட்டு சாவி சின்னம். அவர் மனைவி தைலம்மாளின் தம்பி அருள்முருகன், வாடகைக்கு வேன் விடுகிறவன், அதே வார்டில் இருப்பவன், “மாமா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டினான். அந்த ‘எல்லாத்தையும்’ என்ற வார்த்தையை வாத்தியார் அப்போதே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் உண்மையில் அவருக்காக ஓட்டுக் கேட்டவள் சவரியம்மாள்தான். கருவாட்டுக்காரி. அவளுடைய மகன் சித்தார்த்துக்கு வாத்தியார் காசு வாங்காமல் மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். பையன் இப்போது வேலையில் இருக்கிறான். அந்த நன்றியைக் கூடையோடு சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தாள் அவள். கருவாடு கூறு போடும்போதே, “பூட்டு சாவிக்குப் போடு, இல்லன்னா நெத்திலி இல்ல” என்று மிரட்டுவாள். வாத்தியார் வீடு வீடாக வந்தபோது அவர் கையிலடித்து, “என் ஓட்டு உங்களுக்குத்தான் வாத்தியாரே, மாதா மேல சத்தியம்” என்றாள். பிறகு மகளுக்குப் பிரசவம் என்று பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டாள். தலைச்சன் பிள்ளை, உடனே வரமாட்டாள் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அருள்முருகனும் அப்படித்தான் நினைத்தான்.

ஓட்டு எண்ணினார்கள். இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் தேவசகாயம் ஜெயித்தார். மணவாளன் மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் இரண்டுதான். வாசலில் சரவெடி வெடித்தது. தைலம்மாள் தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அன்றைக்கு வாத்தியார் மாதிரி சந்தோஷமான மனிதன் இந்தக் கடலூரில் கிடையாது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைக் காபி வரைக்கும்தான் இருந்தது. காபி கொண்டுவந்தவள் மாலதி, தைலம்மாளின் தங்கை. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தேர்தலுக்கு வந்து போகிறவர்களுக்குச் சமைத்துப் போட ஒரு வாரமாக இங்கேயே இருந்தாள். தம்ளரை நீட்டிய அவளுடைய இடது கை ஆட்காட்டி விரலில் மை.

“ஏம்மா, உன் ஓட்டு சிதம்பரத்துலதானே? போகவே இல்லன்னியே?” என்று வாய்வரை வந்தது. மாலதி அவர் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள். விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “சக்கரை போதுமா மாமா?” என்றாள்.

“போதும்” என்றார்.

முப்பது வருஷம் விரலைப் பார்த்தே பழகியவருக்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனாலும் அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை. யார் பெயரில் போட்டாள், அருள்முருகன் இவளோடு நிறுத்தினானா, இன்னும் எத்தனை பேரை அனுப்பினான், ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, மனசுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார். இரண்டில் ஒன்று போனாலும் ஒன்று மிச்சம், அப்போதும் ஜெயித்தது ஜெயித்ததுதான். விடை தெரிந்தே தப்பாகப் போட்ட கணக்கு அது. அவர் மாணவன் எவனாவது போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

சாயங்காலம் நன்றி அறிவிப்பு ஊர்வலம். ஒரு குட்டியானை வண்டியில் வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, வாத்தியாரைக் கழுத்து நிறைய மாலையோடு நிறுத்தினார்கள். தெருத்தெருவாக ஆரத்தி எடுத்தார்கள், சால்வை போட்டார்கள். “உங்கள் பொன்னான வாக்குகளை அளித்து” என்று அருள்முருகன் மைக்கில் முழங்கினான். நேர்மையின் சிகரம் என்றான். வாத்தியாருக்கு மாலை அரித்தது. கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. கையை இறக்கினால் யார் விரலையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குள் வண்டி திரும்பியது. எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் தட்டோடு நின்றார்கள். சவரியம்மாள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

“சவரியம்மா இன்னும் பரங்கிப்பேட்டைலேருந்து வர்லியா?” என்று வாத்தியார் சாதாரணமாகத்தான் கேட்டார்.

பக்கத்து வீட்டுச் செல்லாயி கையைத் தட்டிச் சிரித்தாள். “அவ ஓட்டு அன்னிக்கே வந்துட்டா சார். ஆனா வெரல்ல பாருங்க, மை இல்ல! ஊருக்கெல்லாம் பூட்டு சாவி, பூட்டு சாவின்னு கத்திப்புட்டு, மணவாளன் ஊட்டுப் பொடவைய வாங்கிக்கினு ஓட்டே போடாம இருந்துட்டா. கேட்டா, என் ஓட்ட எவனோ போட்டுட்டான்றா. பூத்துக்குள்ள ஏஜெண்டா உங்க மச்சான் உக்காந்திருக்கறப்போ எவன் சார் போடுவான்?”

கதவு திறந்தது. சவரியம்மாள் வந்தாள். எப்போதும் நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுகிறவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வந்து வண்டியின் ஓரத்தைப் பிடித்தாள்.

“வாத்தியாரே, பச்சப் புள்ளய அப்படியே உட்டுட்டு, ரெண்டு பஸ்சு மாறி, நின்னுக்கினே வந்தேன். உங்களுக்குக் குத்தணும்னுதான் வந்தேன். உள்ள போனா, உன் ஓட்டுப் போட்டாச்சுன்றாங்க. என் வெரலப் பாருங்க சாமின்னு காட்டினேன். உங்க மச்சானுக்கு என்னை அடையாளம் தெரியலபோல. இது காலைலயே போட்டுடுச்சி சார், கருவாட்டுக் கை, உப்புல ஊறி மை போயிருக்கும், ரெண்டாந் தடவ போட வந்திருக்குதுன்னு அந்தத் தம்பி ஆபீசர்கிட்ட சொல்லிடுச்சி. வரிசையில அத்தினி பேரு முன்னாடி, போம்மா வெளியன்னுட்டாங்க. கள்ள ஓட்டுப் போட வந்தவளாம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நான் அப்படிப்பட்டவளா? நீங்க சொல்லுங்க வாத்தியாரே. நீங்க சொன்னா இந்தத் தெரு நம்பும்.”

தேவசகாயம் அருள்முருகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி ஒயரில் ஏதோ சிக்கு எடுப்பதுபோல் குனிந்திருந்தான். யாருடைய ஓட்டு மாலதியின் விரலில் கறுத்திருந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. புவனகிரிக் கிழவருக்குக் கிடைத்த நாற்காலிகூட இவளுக்குக் கிடைக்கவில்லை. இவரை ஜெயிக்கவைக்க வந்தவளைத்தான், இவருடைய ஆள், இவருடைய பெயரால், திருடி என்று வெளியே தள்ளியிருக்கிறான்.

குனியும்போது அருள்முருகன் திணித்த மைக் இப்போது அவர் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு வரி போதும். ‘சவரியம்மா சொல்றது நிஜம், அவங்க ஓட்டத் திருடினது என் வீட்டு ஆளுங்க.’ அந்த வரி அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று நான் சத்தியம் செய்வேன். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் கூடவே வந்துவிட்டது. மணவாளன் கோர்ட்டுக்குப் போவார். பதவி போகும். மாலதியைப் போலீஸ் கூப்பிடும், சிதம்பரத்தில் அவள் மாமியார் வீடு இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் சேர்த்த பெயர் ஒரு சாயங்காலத்தில் சந்தி சிரிக்கும்.

“மாமா, நேரமாவுது. இன்னும் மூணு தெரு இருக்குது” என்றான் அருள்முருகன், தலையை நிமிர்த்தாமலே.

வாத்தியார் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “சவரியம்மா அப்படிப்பட்டவங்க இல்ல” என்று மைக்கில் சொன்னார். “ஏதோ... தவறு நடந்திருக்கு. அத யாரும் பெரிசு பண்ண வேணாம்.”

யார் தவறு என்று சொல்லவில்லை. தெரு தனக்குத் தெரிந்தபடி அதைப் புரிந்துகொண்டது. தவறு செய்தவளைக்கூடக் காட்டிக்கொடுக்க மனசில்லாத மனுஷன் என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். செல்லாயி, “பாத்தியாடி, எம்மாம் பெரிய மனசு” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

சவரியம்மாளும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். தான் சொன்னதை அவர்கூட முழுசாக நம்பவில்லை, நம்பாமலே தன்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்தாள். அவள் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போலாயிற்று. பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

“சத்தியம் பண்ணிட்டு ஓட்டுப் போடாமப் போனது போனதுதான் வாத்தியாரே. ஒரு மணி நேரம் முன்ன பஸ் ஏறியிருந்தா போட்டிருப்பேன். ரெண்டு ஓட்டுலதான் ஜெயிச்சீங்கன்னதும் மாதா படத்தாண்ட போய் நின்னுட்டேன். நான் போடாததுனால நீங்க தோத்திருந்தா என்னா ஆவுறது? மனசுல வெச்சிக்காதீங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எனக்கு அது போதும்.”

“அதெல்லாம் எதுக்கு சவரியம்மா...”

“இல்ல, சொல்லுங்க.”

“சொல்லிடுங்க சார், பாவம்” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மைக்கை வாயிலிருந்து எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“மன்னிச்சிட்டேன்” என்றார்.

நாலு தெருவுக்குக் கேட்டது. கூட்டம் கை தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். சவரியம்மாள் அவருடைய வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அவளுடைய விரலில் உப்பு வெடிப்புகள் மட்டும்தான் இருந்தன. வண்டி நகர்ந்தது. மிச்சமிருந்த மூன்று தெருவிலும் அவர் யாரிடம் என்ன பேசினார் என்பது அவருக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து மாலைகளைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அருள்முருகன் பின்னாலேயே வந்தான். பயம் தெளிந்து, முகமெல்லாம் பல்லாக இருந்தான். “மாமா, மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க. அந்தத் தெரு இனிமே எப்பவும் நமக்குத்தான்.” அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

தைலம்மாளுக்குத் தங்கை செய்தது முன்பே தெரியும். மாலதி மத்தியானமே அழுது அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள். இப்போது தெருவில் நடந்ததையும் கேட்டுவிட்டுத் தைலம்மாள் புருஷன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஊர்ல சொல்ல வேணாங்க. அந்தப் பொம்பளகிட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லிடலாம். நானும் கூட வர்றேன். கால்ல வுழணும்னா நான் வுழறேன். அது நல்ல மனசு, மன்னிச்சிடும்.”

தேவசகாயம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“எப்படி தைலம் போய் நிக்கறது? நான்தான் அவளை மன்னிச்சிட்டேனே.”