தூணில் கட்டிய பிளாஷ்

எண்பதுகளின் கடைசியில், ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்துகொண்டே விடுமுறை நாட்களில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தேன். கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் பிளாஷ் முகத்தை வெளுக்க வைத்துச் சப்பட்டையாக்கிவிடும். பக்கவாட்டிலிருந்து இன்னொன்று அடித்தால்தான் மூக்கு மூக்காகத் தெரியும். இது எனக்குக் கவலையாகவே இருந்தது. கூட வேலை பார்த்தவர் தன் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டு, தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டப்போவதாகச் சொன்னதும் கவலை இரண்டு மடங்கானது.

பூந்தமல்லியில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் பழைய பிளாஷ்கள் மூன்றை மேசைமேல் வைத்தார். முதலாவதற்கு வெளிச்சம் அதிகம். ஆனால் பேட்டரிப் பெட்டியைத் தோளில் சுமக்க வேண்டும். இரண்டாவது, பதினைந்தடி ஒயரில் கேமராவோடு இணைவது. மண்டபத்தில் ஒயர் போட்டால் எத்தனை பேர் தடுக்கி விழுவார்கள் என்று கணக்கிட்டேன். முதல் பந்திக்குள் நான்கு பேர். மூன்றாவதற்கு ஒயரே இல்லை. அடியில் ஒரு கண் இருந்தது. இன்னொரு பிளாஷ் மின்னுவதைப் பார்த்தால் தானும் மின்னும். மறுபடி சார்ஜ் ஆக ஒன்பது விநாடி.

“ஒன்பதா?” என்றேன்.

“இன்னா சார், ஒம்போது செகண்டுல மாப்ள எய்ந்து ஓடியா பூடுவான்? எட்த்துகினு போ.”

மூன்றாவதை வாங்கிவந்து வீட்டில் நாற்பது முறை சோதித்தேன். நாற்பதும் தவறவில்லை.

கல்யாணம் திருமழிசையில். மேடையின் இடப்பக்கத் தூணில் ஏழடி உயரத்தில் அதைத் துண்டால் கட்டினேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்பது வழக்கம். அந்த மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபரும் வந்திருந்தார். இந்த வழக்கம் கடையில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நான் ஐந்து படம் எடுத்தபோது தூண் பதினேழு முறை மின்னியிருந்தது. செல் கோளாறு என்று நான்கு செல்லையும் மாற்றினேன். அதன் பிறகுதான் கவனித்தேன்: மற்றவர் அழுத்தும்போதெல்லாம் என் பிளாஷ் அவருக்கு உழைத்துக்கொண்டிருந்தது. அவரிடம் போய், தாலி கட்டும்போது மட்டும் எனக்குப் பிறகு எடுக்கும்படி கேட்டேன்.

“நீ வேற அண்ணாத்தே. மாப்ள ஊட்ல என்னிய உப்புக்கண்டம் போட்ருவாங்க.”

கெட்டிமேளம் கொட்டியது. அவர் அழுத்தினார், தூண் மின்னியது. நான் அழுத்தினேன், தூண் சும்மா இருந்தது. மூன்று முடிச்சும் ஆறு விநாடியில் முடிந்தன.

என் படத்தில் பெண்ணின் முகம் அப்பளம் மாதிரி இருந்தது. அவருடைய படத்தில் மூக்கு, கன்னம், மஞ்சள் கயிறு எல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றன. அதைத்தான் ஹாலில் மாட்டினார்கள். பார்க்கப் போனபோது பெண்ணின் அம்மா காபி கொடுத்தார்.

“அந்தப் புள்ள எம்மாம் அழகா எடுத்துகீது பாருங்கண்ணா. எப்டி எடுக்கறதுன்னு நீங்களும் ஒருவாட்டி கேட்டுக்கலாம்ல?”

கேட்பதாகச் சொன்னேன்.