ரேடியோ மாமா கொண்டுவந்த சீர்

போன பொங்கலுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் சேர்ந்திருந்தபோது, என் தம்பி கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து எடுத்துவந்தான். யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் மாமாவைப் பற்றி எழுதியிருந்தார். வாழ்க்கை வரலாறு, வயது, உயரம், சொத்து மதிப்பு என்று தனித்தனியாகத் தலைப்புப் போட்டிருந்தது. உயரம் ஆறடியாம். மாமா ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் தோளுக்குத்தான் வருவார். சொத்து பல கோடியாம். பக்கத்தில் யாருடையதோ ஒரு நீச்சல் குளத்தின் படம் வேறு. தம்பி ராகம் போட்டுப் படிக்கப் படிக்க வீடே சிரித்தது. மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, கரும்பை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதில் நானும் அதையேதான் நம்பியிருந்தேன். சொல்லப்போனால் என் கணக்கு இன்னும் பெரியது.

அப்போது எங்கள் வீடு பீளமேட்டில், மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்தது. அப்பா மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எஃப்.எம். ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு முன்னால் தீபாவளிச் சமயத்தில் ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். அங்கே அவர் குரலைக் கேட்டுத்தான் ரேடியோவுக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் அவருடைய முகம் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய விளம்பரப் பலகையில் ஏறிவிட்டது. அந்த முகத்தின் பல் ஒன்று எங்கள் வீட்டு ஜன்னல் அளவு இருந்தது.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மாமா என்னுடனே வந்தார். "ஏனுங்க, காப்பித்தண்ணி குடிச்சாச்சுங்களா?" என்று எங்கள் வீட்டு ஜன்னலில் தொடங்குவார். அடுத்த வாக்கியத்தை இஸ்திரி வண்டியில் பாதி சொல்லி, மீதியைப் பேக்கரியில் முடிப்பார். ஆட்டோ ஒன்று கடந்து போனால் அதிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்து போகும். காலை வெயில் இன்னும் முழுதாக இறங்காத தெருவில், இட்லி ஆவியும் மாமாவின் குரலும் கலந்து மிதக்க, நான் பையை மாட்டிக்கொண்டு அரைத் தூக்கத்தில் நடப்பேன். கோயமுத்தூரே மாமாவின் வாய்க்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமைதான் விசேஷம். அன்று மாமா ஒரு கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னவருக்குத் தங்கக் காசு. "இந்தாங்க, புடிங்க உங்க தங்கக் காசை!" என்பார். பின்னால் கலகலவென்று காசு கொட்டுகிற சத்தம் வரும். நகைக்கடைக்காரர் விளம்பரத்துக்காகக் கொடுக்கிற காசு அது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாமா ஒரு அறை நிறையத் தங்கத்தைக் குவித்து வைத்துக்கொண்டு, அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மொபெட்டில் சாப்பிட வருவார். எப்போதும் ஒரே நீலச் சட்டை. பணக்காரர்களுக்குப் பிடித்த சட்டை ஒன்றுதான் இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நினைப்பு எனக்கு மட்டும் இருந்திருந்தால் வம்பில்லை. அப்பாவின் அக்காவுக்கும் இருந்தது. கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காடு வைத்திருந்த அத்தை அவர். எனக்குக் கொடுமுடியில் காது குத்துவது என்று முடிவானதும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏனம்மணி, உன்ற தம்பி வெள்ளிக்கெழமையானா போற வர்றவங்களுக்கெல்லாம் தங்கத்தை வாரிக் குடுக்கறாப்ல. சொந்த மருமகளுக்குக் கொறையாவா செஞ்சுபோடுவாரு? எங்கூட்டுச் சனமெல்லாம் அதைப் பாக்கறக்குன்னே வர்றாங்க."

"செய்வானுங்க" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் காது குத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அவர் கொண்டுவருகிற தங்கம்தான் காதில் ஏற வேண்டும். அந்தச் சீர்த் தட்டில் என்ன இருந்தது என்பதை வைத்து அம்மாவின் பிறந்த வீட்டைக் காலத்துக்கும் எடை போட்டுவிடுவார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மாமா ஒருவர்தான் மிச்சம். அவர் தலை குனிந்தால் அம்மாவும் குனிய வேண்டும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை, காது வலிக்குமா வலிக்காதா என்பதுதான்.

அடுத்த நாளே அம்மா என்னை இழுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். ராஜ வீதியில் ஒரு நகைப் பட்டறை வாசலில் மாமா நின்றிருந்தார். விளம்பரப் பலகையில் இருந்த சிரிப்பு அன்று முகத்தில் இல்லை. அம்மா பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் போனாள்.

"வேண்டாங்க்கா, நா வேற வழி பாக்கறேன்" என்றார் மாமா.

"நீ என்ன வழி பாப்பே? வாயத் தொறக்காம வா."

ரோஸ்மில்க் வேண்டாம் என்கிறார் போல என்று நினைத்து, அவர் பங்கு எனக்கே கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டேன். உறிஞ்சி முடித்து, அடியில் ஒட்டியிருந்த சப்ஜா விதைகளை நாக்கால் எட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பட்டறையிலிருந்து வெளியே வந்தார்கள். அம்மா முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"ஏம்மா முக்காடு?"

"காத்து அடிக்குது கண்ணு. காதுக்குச் சில்லுன்னு இருக்குது."

சித்திரை மாதம் அது. நான் சரி என்று தலையாட்டினேன். அதன்பிறகு காது குத்து வரைக்கும் அம்மா காதுக்குப் பஞ்சு வைப்பதும் துண்டு கட்டுவதுமாகவே இருந்தாள். அப்பா கேட்டதற்கும் காதுவலி என்றுதான் சொன்னாள்.

காது குத்து வைத்திருந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேன் வைத்துக்கொண்டு கொடுமுடி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறத் தொடங்கியும் மாமாவைக் காணவில்லை. அத்தை படித்துறையில் நின்றுகொண்டு ரோட்டைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு மொட்டை அடித்து முடித்ததும், காது குத்துகிற ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த ஜீப் வந்தது. ரேடியோ நிலையத்தின் ஜீப். இரண்டு பக்கக் கதவிலும் மாமாவின் முகம் ஒட்டியிருந்தது. அதன் டிரைவர் மாமாவின் சிநேகிதர், வேலையாகப் போகிற வழியில் கொண்டுவந்துவிட்டு, விசேஷத்துக்கும் நின்றுகொண்டார். மாமா தன் முகத்தைத் தானே திறந்துகொண்டு இறங்கியதைப் பார்த்து எனக்கு மொட்டைத் தலையிலும் புல்லரித்தது. பூ விற்கிறவர்கள், தேங்காய்க் கடைக்காரர், மொட்டை அடிக்க வந்தவர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மாமா எல்லோரிடமும் காப்பித்தண்ணி குடித்தாயிற்றா என்று ரேடியோக் குரலில் கேட்டபடியே தட்டுகளோடு வந்தார்.

பழம், தேங்காய், வளையல், பட்டுப்பாவாடை. கடைசித் தட்டில் ஒரு சிவப்பு டப்பா. அத்தைதான் திறந்தார். சிவப்புக் கல் வைத்த தோடு, ஒவ்வொன்றிலும் கீழே ஒரு மணி தொங்கியது. கூடவே ஒரு சங்கிலி. அத்தை அதை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சுற்றியிருந்த சனம் எட்டிப் பார்த்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள்.

"கனமாத்தான் இருக்குது" என்றார் அத்தை. "ரேடியோக்காரர் ரேடியோக்காரர்தான்."

அம்மா மூச்சு விட்டாள். தோட்டின் கல் அம்மாவின் தோட்டில் இருக்கும் கல்லைப் போலவே இருந்தது. அம்மாவும் நானும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ளட்டும் என்று மாமா பார்த்து வாங்கியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா மடியில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஜீப்பிலிருந்த ரேடியோவில் மாமா பேசினார்.

"ஏனுங்க, காப்பித்தண்ணி குடிச்சாச்சுங்களா? இங்க ஸ்டுடியோவுக்கு வெளிய சிலுசிலுன்னு தூறலுங்க…"

கோயமுத்தூரிலிருந்து அத்தனை தூரம் வந்ததால் குரல் கரகரத்து, ஆற்றுக் காற்றில் போவதும் வருவதுமாக இருந்தது. நான் நிமிர்ந்து மாமாவின் வாயைப் பார்த்தேன். மூடியிருந்தது.

"மாமா, நீங்க அங்க பேசறீங்க."

"நேத்தே பேசி வெச்சுட்டு வந்துட்டேன் கண்ணு."

எனக்குப் புரியவில்லை. நேற்றே பேசியவருக்கு இன்றைய தூறல் எப்படித் தெரியும்? ஆக மாமா இரண்டு பேர். ஒருவர் தூறல் விழுகிற ஊரில், தங்கக் காசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறார். இன்னொருவர் நீலச் சட்டை வேர்வையில் நனைய என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"அவரும் நீங்களும் வேறயா?"

மாமா என்னை மடியில் இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: "அங்க இருக்கறவன் பெரிய பணக்காரன் கண்ணு. நீ என்னையக் கெட்டியாப் புடிச்சுக்கோ."

ஆசாரி ஊசியை எடுத்தார். ரேடியோவில் உக்கடத்திலிருந்து ஒரு பெண் சரியான பதிலைச் சொல்ல, "புடிங்க உங்க தங்கக் காசை!" என்று மாமா கத்தினார். காசு கொட்டியது. அந்தப் பெண் வீறிட்டதும் நான் வீறிட்டதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. என் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. தூறல் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அம்மா ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறேன் என்று ஆற்றில் இறங்கினாள். முங்கி எழுந்தவள் முந்தானையை விலக்கிவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோட்டைக் காணோம்" என்றாள். அம்மாவுக்கு நடிக்க வராது. பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அத்தை போட்ட கூச்சலில் ஊரே கூடியது. அப்பா பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். டிரைவர் இறங்கினார், தேங்காய்க் கடைக்காரரும் இறங்கினார். மாமா மட்டும் படியிலேயே நின்றார்.

"அக்கா தோடு ஆத்தோட போகுது, மரமாட்ட நிக்கறாப்ல பாரு" என்றார் அத்தை.

உடனே மாமாவும் சட்டையோடு இறங்கினார். மணலை வாரி வாரி அரித்தார். மற்றவர்களெல்லாம் கைவிட்டுக் கரையேறிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. அம்மாதான் போய்த் தோளைத் தொட்டு, "போதும் வாடா" என்றாள். நான் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ரேடியோல இருக்கற மாமாகிட்டச் சொல்லி அம்மாவுக்கு ஒரு தங்கக் காசு வாங்கிக் குடுங்க மாமா."

மாமா குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா வழிச் சொந்தத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டம் நிலைத்துவிட்டது. பால் கொட்டினாலும் சாவி தொலைந்தாலும், "தோட்டை ஆத்துல உட்டுப்போட்டு வந்தவதானே" என்பார் அத்தை. அம்மா தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். மாமாவின் முகம் விளம்பரப் பலகையிலிருந்து இறங்கி, வேறொரு இளம் முகம் ஏறியது. இப்போது அவர் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கிறார். அப்போதும் இப்போதும் வாடகை வீடுதான்.

பொங்கலன்று சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா தம்பியிடம் கேட்டார்: "எல்லாம் செரி சாமி, உங்கொம்மா தோட்டை அழிச்சு நா சீர் செஞ்சதைப் போட்டிருக்கானா பாரு." அம்மா கரும்பைக் கீழே வைத்துவிட்டு, "வாய மூடுடா" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கை தானாகக் காதுக்குப் போனது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கைப்பேசியில் இருந்த நீச்சல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் ஆற்றுக்குப் போவேன். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் குனிந்து, அம்மாவின் தோட்டைத் தேடுவேன். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் அத்தை வாயை மூடிவிடுவார் என்று எண்ணம். அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளாவது தேடாதே என்று சொன்னதில்லை. தண்ணீருக்குள் சிவப்பாக ஏதோ மினுங்கும். கையை விடுவேன், கலைந்துபோகும். கை எடுத்ததும் மறுபடி அதே இடத்தில் வந்து மினுங்கும். அது என் காதில் ஆடிக்கொண்டிருந்த தோட்டின் நிழல் என்று எனக்குத் தெரியவில்லை.