ஆறவிடாமல் வைத்திருந்த சூப்

சில வருடங்களுக்கு முன்பு, துபாயில் ஓர் ஆகஸ்ட் மாதம். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய், இதயத்துக்குப் பக்கத்தில், அவளுக்கு மூடவில்லை. மருந்து கொடுத்தும் பலன் இல்லாததால் ஆபரேஷன் என்று முடிவாகி, அன்று காலை உள்ளே எடுத்துப் போனார்கள். அவ்வளவு சின்ன உடம்பில் எங்கே கத்தி வைப்பார்கள் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. மனைவி சிசேரியன் முடிந்து மேல் மாடி வார்டில் இருந்தாள். அங்கே போனால் என் முகத்தைப் பார்த்தே அழுதுவிடுவாள். கீழே வந்தால் மூடிய கதவு. துணைக்கு யாரும் இல்லை. மாமியாருக்கு இன்னும் விசா வரவில்லை. ஆனால் போன் மட்டும் ஓயாமல் அடித்தது. "மாப்ளே, இப்டி நடந்துக்கிட்டே இருக்காதிய. ஒரு எடத்துல உக்காருங்க. முருகன் பாத்துக்கிடுவான்" என்று மாமியார். "ரிலாக்ஸா இருடா" என்று அண்ணன். அதையேதான் ஆபீஸ் நண்பர்களும் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் ஏறியது.

கடைசியில் ஒரு மலையாளி நர்ஸ் வெளியே வந்து, "சேட்டா, இவிட நின்னா ஒண்ணும் ஆகாது. போய் ஏதாவது சாப்பிட்டு வா. நான் போன் பண்றேன்" என்று கிட்டத்தட்டத் தள்ளியே அனுப்பினார்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், ஒரு சலூனுக்கும் லாண்டரிக்கும் நடுவே சின்னதாக ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை. அதற்கு முன் நான் ஜப்பானியச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. கதவைத் திறந்தபோது குளிர்ச்சியாக இருந்தது, நுழைந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

உள்ளே நாலைந்து மேசைகள். நடுத்தர வயது ஜப்பானியப் பெண் ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தார், அவர்தான் கடைக்காரர். பரிமாற ஒரு நேபாளக்காரர். மகளுக்காக மீன், கறி எல்லாம் விட்டு வேண்டிக்கொண்டிருந்ததால், சைவமாக என்ன இருக்கிறது என்று அவரிடம் இந்தியில் கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "மதியச் சாப்பாடு ஒண்ணு இருக்கு பாய். சூப்புல மட்டும் மீன் தண்ணி சேரும். உங்களுக்கு மேடம் தனியா வைக்கிறாங்க" என்றார்.

உட்கார்ந்த உடனே எழுந்துவிட்டேன். உள்ளே போன் சரியாக எடுக்காதோ என்று சந்தேகம். வெளியே போய் சிக்னல் பார்த்தேன். திரும்பி வந்தேன். தட்டு வந்திருந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் சோறு, பொரித்த டோஃபு, எள் போட்டுப் பிசைந்த கீரை, மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய், மூடி போட்ட சூப். கரண்டியை எடுத்தேன், போன் அதிர்ந்தது. ஓடினேன். அண்ணன்தான். மறுபடி வந்து உட்கார்ந்தேன், மறுபடி அதிர்ந்தது.

நான் நாற்காலியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது தரையில் கிறீச்சிட்டது. பக்கத்து மேசையில் கோட் போட்ட ஒருவர் சத்தமாகவே அலுத்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். சரி, வெளியே போகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் அவரிடம் தலை குனிந்து ஏதோ சொல்லி, அவருடைய சாப்பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் உள்மூலை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் வந்தார். என் மேசையைக் கதவை ஒட்டி நகர்த்தினார். ஆறிப்போன சூப்பை எடுத்துப்போய், ஆவி பறக்க வேறு கொண்டுவந்து வைத்தார்.

நான் "சாரி, சாரி" என்றேன்.

"கோ, கோ. ஃபுட் வெயிட்" என்றார், கையால் வாசலைக் காட்டி.

அதன்பிறகும் நான் உட்காரவில்லை. போனேன், வந்தேன். நான் வரும்போதெல்லாம் சூப் சூடாகவே இருந்தது. ஒரு வாய்தான் குடித்திருப்பேன், நர்ஸ் கூப்பிட்டார். "சேட்டா, வேகம் வா."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு வேகமாக வரச் சொல்கிறார்? தெருவைக் கடந்தது எப்படி என்று இன்றும் எனக்கு நினைவில்லை. ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது மட்டும் காதில் இருக்கிறது.

டாக்டர் அடுத்த ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருந்ததாம், அதற்கு முன்னால் என்னிடம் பேசத்தான் அவசரம். "குழந்தை நல்லாயிருக்கா. குழாயை மூடியாச்சு" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விலாப்பக்கம் சின்னதாக ஒரு கட்டு. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "ஏங்க, நீங்க சாப்டீங்களா?" என்றாள். அப்போதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. சொன்னேன். "போங்க, மொதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்று விரட்டினாள்.

நான் போகும்போது மதிய வியாபாரம் முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கதவை ஒட்டிய மேசையில் என் தட்டு அப்படியே இருந்தது, கிண்ணங்களைத் தட்டுகளால் மூடியிருந்தார்கள். "எடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க பாய். வாங்க" என்றார் நேபாளக்காரர்.

கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்து, சூப்பை மறுபடி சுடவைத்துக்கொண்டு வந்தார். என் சட்டையைக் காட்டி, "பேபி?" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பார்வையாளருக்கு ஒட்டும் ஸ்டிக்கர், கரடிக்குட்டி படம் போட்டது, காலையிலிருந்து என் நெஞ்சில் இருந்திருக்கிறது. நான் உள்ளே வந்தபோதே அவர் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை.

"கேர்ள். ஓகே. நவ் ஓகே" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு மேசையை ரொம்ப நேரம் துடைத்தார்.

நான் சாப்பிட்டேன். சூப்பில் புளித்த சோயாவின் வாசனை, உறைப்பே இல்லை. சோறு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. எதுவும் என் நாக்குக்குப் பழகினதில்லை. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு ஊரில் அப்பா ஐசியூவில் என்று செய்தி வந்தது. டிக்கெட் கிடைக்கும்வரை அவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி இருந்தார். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் வழியில் கிடந்த நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி வைத்தேன். டீயை மட்டும் ஆற ஆற மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தவிக்கிற மனிதனை அமைதியாக இரு என்று சொல்லாமல், அவன் தவித்து முடித்துத் திரும்பி வரும்வரை காத்திருப்பதும் ஓர் ஆறுதல்தான் என்பது, என் மொழி தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து எனக்குக் கிடைத்தது.