கொரில்லா பாடினால் கேட்பார்கள்

கல்யாண மண்டபத்தில் பாடிப் பிழைக்கிற தோழர்களே, பந்திக்குக் கூப்பிட்டதும் நம்முன் காலியாகும் நாற்காலிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேஷம் வந்த கதை

ஆவடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடகன். பட்டாபிராமில் ஒரு பிறந்தநாள் விழா. குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட கொரில்லா வேஷத்தில் வரவேண்டிய ஆள் உடையை மட்டும் அனுப்பிவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். எங்கள் டிரம்மர் தனசேகர் அதை எனக்கு மாட்டி, மைக்கையும் கொரில்லாத் தலைக்குள்ளே சொருகினார். வழக்கமாகப் பாடும் பாட்டுதான். ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் நின்றார்கள். பெரியவர்கள் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். இறங்கியதும் தனசேகர் சொன்னார்:

"மாமே, இனிமே உன் மூஞ்ச வெளிய காட்டாத. தொழில் கெட்டுடும்."

பெண்ணின் அப்பா

வெறும் முகத்தோடு பாடும்போது பாட்டு வரிக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வேஷத்துக்குள் போனால் நான் வேறு ஆள். திருவேற்காட்டில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் முழுக்க முறைத்தபடி நின்ற பெண்ணின் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஏதோ ஃபேக்டரியில் பெரிய அதிகாரியாக இருந்தவராம். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடித் தீர்த்தார்.

வேஷத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். பக்கத்து இலையில் அவர்தான். "நான்தாங்க பாடினது" என்றேன்.

"பாட்டு எவன் கேட்டான்? நான் அந்தக் குரங்கத்தான் பாத்துகினு இருந்தேன்."

செகரெட்டரி

அம்பத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செகரெட்டரி ஐடி கம்பெனிக்காரர். நான் வீட்டில் பாடிப் பழகினால் உடனே கதவைத் தட்டுவார். பொங்கல் விழாவுக்கு அவரே கொரில்லாவை ஏற்பாடு செய்தார். உள்ளே இருப்பது நான் என்று அவருக்குத் தெரியாது. அவர் நிறுத்தச் சொன்ன அதே பாட்டைப் பாடினேன். ஓடிவந்து கட்டிப்பிடித்து, "ஆபீஸ்ல நாள் பூரா தலையாட்டுறேன். அந்தத் தலைய ஒரு நிமிஷம் எனக்குக் கொடுங்க" என்று காதில் கெஞ்சினார்.

மேடைக்குப் பின்னால் போய் முழு வேஷத்தையும் அவருக்கு மாட்டிவிட்டேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். மேடையில் போய்க் கத்தினார் பாருங்கள், மொட்டை மாடிக் காக்கையெல்லாம் பறந்தது. கைதட்டிக்கொண்டிருந்த மூன்றாம் மாடி அம்மா என்னிடம் கவலையாகச் சொன்னார்:

"செகரெட்டரி வர்றதுக்குள்ள பாடி முடிச்சிடச் சொல்லுங்க. அவருக்குச் சத்தம் ஆகாது."

சொந்த முகம்

நெமிலிச்சேரி கோயில் விழாவுக்கு என் மனைவி செல்வி முதல்முறையாக என் கச்சேரி கேட்க வந்தாள். அன்று வேஷம் வேண்டாம் என்று தனசேகரிடம் சண்டை போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ஏறினேன். நான் பாடியதிலேயே நல்ல பாட்டு அதுதான். பாதியில் கூட்டம் கொரில்லா எங்கே என்று கேட்க ஆரம்பித்தது. தனசேகர் கீபோர்டுக்காரருக்கு உடையை மாட்டி முன்னால் தள்ளினார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று மிச்சத்தைப் பாடினேன். விசில் நிற்கவே இல்லை. நானும் பாட்டை விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் செல்வி சொன்னாள்:

"குரல் உங்களுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தாளு ஆட்டம் நல்லா இருந்துச்சுங்க."

தொண்டைக்கு மிளகுக் கஷாயம் கொடுத்து, வேஷத்துக்கு நல்ல வெயில் காட்டிவந்தால் இந்தத் தொழிலில் கடைசிவரை பிழைக்கலாம், முகத்தைப் பற்றி யாரும் விசாரிக்கப்போவதில்லை.