டிரில் மெஷினுக்கு வைத்த பொட்டு

அரசாங்கத்தில் ஓர் இயந்திரத்தைக் கழித்துக்கட்டுவது எளிய காரியமல்ல. முதலில் பழுதறிக்கை வேண்டும். பிறகு பழுதுபார்க்கும் செலவையும் புதிது வாங்கும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓர் ஒப்பீடு. பிறகு மூன்று விலைப்புள்ளிகள். அவற்றில் இரண்டு, மூன்றாவது கடைக்காரரின் மேசையிலேயே தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். கடைசியாக, பழுதுக்கு யார் பொறுப்பு என்று ஒரு குறிப்பு. அதில் ‘இயல்பான தேய்மானம்’ என்று எழுதிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பண்டகசாலைப் பிரிவில் காலம் தள்ளிய நான் அந்த இரண்டு சொற்களை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் நான் கலந்துகொண்ட முதல் விசாரணை என் பதினோராவது வயதில், எங்கள் வீட்டுப் பட்டறையிலேயே நடந்தது. அதில் நான்தான் குற்றவாளி.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை இருந்தது. அப்பா கத்தி செய்கிறவர். பெரும்பாலும் இறைச்சிக் கடைகளுக்கான கத்திகள். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டிக் காய்ச்சி, அடித்து, தீட்டுவது வரை அவர் பொறுப்பு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடை கடையாகப் போய் ஆர்டர் பிடித்து வருவார். கத்தியின் வாலில் துளை போட்டுப் பிடி மாட்டுவது அப்பாவின் தங்கையான அத்தையின் வேலை.

அத்தை கணவர் இறந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வருஷம் யாரிடமும் பேச மாட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், சமையலறை மூலையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குவாள். பொறுக்கின பருப்பையே திரும்பவும் பொறுக்குவாள். ஒரு நாள் துளை போடுகிற பையன் சொல்லாமல் நின்றுவிட்டான். அப்பா சும்மா கூப்பிட்டு, டிரில் மெஷினின் கைப்பிடியை அவள் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் அத்தை அம்மாவிடம், “மதினி, இந்த மெஷின் மூணாவது கத்திக்கு மேல போனா சூடாயிருது, பாத்தியளா?” என்றாளாம். அவள் எங்கள் வீட்டில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கத்தி சரியில்லை என்று அப்பாவிடமே சண்டை போடுவாள்.

கத்திப்பிடி பார்ப்பதற்கு எளிய பொருள். இரண்டு மரத்துண்டுகள், நடுவில் கத்தியின் வால், மூன்று பித்தளை ஆணிகள். அந்த மூன்று துளைகளும் நேராக விழ வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் ஆணி தளர்ந்து பிடி ஆடும். ஆடும் பிடியுள்ள கத்தி வாங்கினவன் கையைத்தான் முதலில் பதம் பார்க்கும். அத்தை போட்ட துளையில் ஆணி தட்டாமலே நிற்கும். “உங்க தங்கச்சி போட்ட துளையில எறும்புகூட சுத்தி வர முடியாது” என்று இறைச்சிக்கடை பாய் சொல்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மெஷினைக் கழற்றித் துடைத்து, மண்ணெண்ணெய் போட்டுப் பளபளவென்று ஆக்கியது முழுக்க அத்தைதான். துளைபோடும் ஊசியைப் பிடிக்கிற ‘சக்’ என்ற பகுதியையும் அப்பா தட்டிக் கழற்றித் தர, அதைத் துடைத்து வாழையிலையில் கத்திகளோடு வைத்தாள். பூஜைக்கு நேரமானதும் புறவாசல் பக்கம் போய்விட்டாள். நல்ல காரியத்தில் அவள் முன்னால் நிற்பதில்லை. நிற்காதே என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எழுதப்படாத விதிகளைத்தான் யாரும் மீறுவதில்லை என்பது பிற்பாடு அலுவலகத்தில் எனக்குப் புரிந்தது.

பொட்டு வைப்பது என் உரிமை. வீட்டில் ஒரே பெண்பிள்ளை நான் என்பதால் சுத்தியல், இடுக்கி, சாணைக்கல், மெஷின் எல்லாவற்றுக்கும் என் கையால்தான் பொட்டு. சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் குங்குமம். ஒன்றுகூட விடமாட்டேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பட்டறையில் ஆண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டேன். பெரியவர்கள் சுண்டலுக்கு உள்ளே போனார்கள். நான் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அத்தை புறவாசல் வழியாக வந்தாள்.

“ஏட்டி, சந்தனத்தக் கொண்டா.”

சக்கின் மேற்புறம் கூம்பு போல ஒரு தண்டு இருக்கும். மெஷினுக்குள் இருக்கிற கூம்புக் குழியில் அது போய் இறுகிக்கொள்ளும். திருகோ ஆணியோ கிடையாது. அத்தை மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அந்தத் தண்டில் ஒரு பொட்டு வைத்தாள். நான் குங்குமத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள்.

“இங்கன எதுக்கு அத்த வைக்க? மாட்டுனா தெரியாதே.”

“வெளிய வச்சா ஆளாளுக்குப் பேசுவாவ. உள்ள இருந்தா அதுக்கு மட்டும் தெரியும். யார்ட்டயும் சொல்லாத, என்ன?”

“சத்தியமா சொல்ல மாட்டேன்.”

சொல்லவில்லை. மறுநாள் விஜயதசமி காலை, வேலை தொடங்கும் நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று மாமா பதறினார். அப்பா உலையடியில் இருந்ததால், தானே சக்கை எடுத்து உள்ளே செருகி, மரச்சுத்தியலால் ஓங்கித் தட்டினார். கூம்பைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது முதல் விதி. நல்ல நேரத்துக்கு முன்னால் மற்ற விதிகள் எம்மாத்திரம்.

அன்றிலிருந்து மெஷின் ஆட ஆரம்பித்தது. ஊசியின் நுனி சுற்றுகிறபோது சின்ன வட்டமே போட்டது. துளைகள் முட்டை வடிவில் விழுந்தன. அத்தை ஊசியை மாற்றினாள், பெல்ட்டை இறுக்கினாள், கத்தியை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்தும் பார்த்தாள். பக்ரீத்துக்கு முப்பது கத்தி கேட்டிருந்த பாய், முதல் ஐந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“அண்ணாச்சி, இரும்பு நல்லாத்தான் இருக்கு. பிடிதான் கிழவன் பல்லு கணக்கா ஆடுது. பெருநாளும் அதுவுமா எங்காளுக கைய அறுத்துக்கிட்டு நிக்கணுமா?”

“பத்து நாள் கிடக்குல்லா பாய். சரிபண்ணித் தாரேன்.”

பாய் அத்தையைப் பார்த்தார். எறும்புப் பேச்சை அன்று அவர் எடுக்கவில்லை.

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. திட்டம் எதையாவது மனதில் வைத்திருந்தால் கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு வருவார். அன்று பெரிய பொட்டலம்.

“அத்தான், மெஷின் தேஞ்சு போச்சு. மதுரையில புதுசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அதோட ஆளும் ஒருத்தன் சொல்லியிருக்கேன், பழகுன கை. புது மெஷினையும் கொண்டுபோயி பொம்பள கையில குடுத்துக் கெடுக்கணுமா? அவிய வீட்டோட இருக்கட்டும், பாவம்.”

‘பாவம்’ என்ற சொல் வந்தால் ஒருவருக்கு ஏதோ பறிபோகிறது என்று பொருள். இதையும் அலுவலகத்தில்தான் படித்தேன். அத்தை பட்டறைக் கதவருகில் பிடிக்கட்டைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் சமையலறை மூலையில் முறத்தோடு உட்கார்ந்தாள். அம்மா அப்பாவிடம், “பழையபடி பருப்ப எடுத்துட்டா” என்றாள்.

அப்பா மாமாவிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டார். பேரிங் மாற்றிப் பார்ப்பது, அதற்கும் அடங்காவிட்டால் புது மெஷின், புது ஆள். எழுத்தில் இல்லாவிட்டாலும் ஒழுங்கான நடைமுறைதான்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. எண்ணெய்த் தாளில் சுற்றிய புது பேரிங்கை அப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆப்பைச் செருகித் தட்டினார். சக் கழன்று கீழே விரித்திருந்த சாக்கில் விழுந்தது. எடுத்துத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரிசல் காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டுக் கதவருகில் உட்காரவைத்திருந்த அத்தை, பிடிக்கட்டை பொறுக்குவதை நிறுத்தினாள்.

“ஏட்டி, இங்கன வா.”

போனேன். கூம்புத் தண்டின் ஒரு பக்கத்தில் மஞ்சளாக, காய்ந்து, நசுங்கி, மீன் செதில் போல ஒட்டியிருந்தது.

“இது என்னது?”

“சந்தனம்.”

“நீ வச்சியோ?”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று சொன்னவள் அவள். சொல்ல மாட்டேன் என்றவள் நான்.

“ஆமா.”

அப்பா அதை நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

“நீ வைக்கிற பொட்டுல எல்லாம் நடுவுல குங்குமம் இருக்குமே. இதுல எங்க?”

“குங்குமம் தீந்துபோச்சு.”

பூஜையறையில் குங்குமச் சிமிழ் முக்கால்வாசி நிறைந்திருந்தது. தினமும் காலையில் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறவர் அப்பா. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தை இருந்த பக்கம் பார்க்காமலே, “சரி” என்றார். சரக்கு சரியாக வந்து சேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறவர் குரல் அது.

மண்ணெண்ணெய்த் துணியால் கூம்பைத் துடைத்தார். உள்ளே இருந்த குழியையும் விரலை விட்டுத் துடைத்தார். மாட்டித் தட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஊசி நின்ற இடத்திலேயே நின்று சுற்றியது.

“வந்து ஒரு துளை போட்டுப் பாரு” என்றார் அத்தையிடம்.

அத்தை போட்டாள். ஆணியை விட்டாள். தட்டாமலே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வேர்வைதான் என்பது போல.

சாயங்காலம் மாமா வந்ததும் அப்பா தீர்ப்பை வாசித்தார். “மெஷின்ல ஒண்ணுமில்ல மாப்ளே. இந்தக் கழுத பொட்டு வைக்கேன்னு உள்ள கொண்டுபோயி அப்பியிருக்கா.”

மாமா என்னை முறைத்தார். “சின்னப்புள்ள வச்சா என்ன, பெரியவுக பாக்க வேண்டாமா? மாட்டுதவன் தொடைச்சிட்டு மாட்ட வேண்டாமா?”

“அதத்தான் நானும் யோசிக்கேன். அன்னைக்கு மாட்டுனது யாரு?”

மாமா போளியைப் பிரித்தார். மதுரை மெஷின் அத்தோடு முடிந்தது. அந்த பேரிங் எண்ணெய்த் தாள் பிரிக்கப்படாமலே பல வருஷம் இழுப்பறையில் கிடந்தது. பாய்க்கு முப்பது கத்தியும் நாலு நாள் முன்னதாகவே போயிற்று.

எனக்கு அன்று போளி கிடையாது என்பது தண்டனை. செய்யாத குற்றத்துக்குப் போளி போன வயிற்றெரிச்சல் சாதாரணமானதல்ல. அத்தை தன் பங்கை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். வாங்கித் தின்றேன்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் கிளம்பியபோது அப்பா எல்லோர் முன்னிலையிலும் என்னைத் தடுத்தார்.

“நீ எல்லாத்துக்கும் வையி. டிரில் மெஷினுக்கு மட்டும் வைக்காத. போன வருஷம் நீ பண்ணுன கூத்து போதும். அத ஓட்டுதவளே வச்சுக்கிடட்டும். எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு அவளுக்குத்தான் தெரியும்.”

மாமா வாயைத் திறந்தார். பிறகு, சக்கை மாட்டியவர் யார் என்ற கேள்வி மறுபடி வருமோ என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை வெகுநேரம் புறவாசலிலேயே நின்றாளாம். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாளாம். மோட்டாரின் மேல், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், அத்தை சந்தனம் வைத்தாளாம். விரலை எடுக்கப் போனபோது அப்பா குங்குமச் சிமிழைத் திறந்து அவள் முன்னால் நீட்டி, “அதயும் வையி” என்றாராம்.

நான் அதைப் பார்க்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றி, பழியையும் சுமந்து, போளியையும் இழந்த எனக்கு, இருந்த ஒரே உரிமையையும் அப்பா பிடுங்கிவிட்டாரே என்று கிணற்றடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.