ஒரு கதுப்பு மாம்பழம்

எண்பதுகளின் கடைசியில், ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் டாக்டர் என்னைத் தராசில் ஏற்றினார். எழுபத்தெட்டு கிலோ.

"சார், ரத்தத்துல சர்க்கரை எட்டிப் பாக்குது. மாம்பழ சீசனுக்குள்ள நாலு கிலோ குறைங்க. தினம் ஒரு கதுப்பு சாப்பிடலாம். இல்லேன்னா வாசனை மட்டும்தான்."

பங்கனப்பள்ளி இல்லாத மே மாதத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றே டைரியில் சாப்பாட்டுக்கும் எடைக்கும் கோடு போட்டேன்.

காலையில் மூன்று இட்லி. நாலாவது கிடையாது. ஆபீஸ் கேன்டீனின் பதினொரு மணி போண்டாவுக்குப் பதில் மோர். இரவில் கேழ்வரகு அடை ஒன்று, இரும்புலியூரிலிருந்து கூடையில் வரும் முருங்கைக்கீரை போட்டு. இதெல்லாம் தண்டனை என்று நினைத்திருந்தேன். பத்தாம் நாள், அடையின் ஓரம் மொறுமொறுவென்று வாயில் உடைந்தபோது, இத்தனை வருஷம் ருசி பார்க்காமலே விழுங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. பசித்துச் சாப்பிட்டால் மோருக்குக்கூட மணம் உண்டு!

திங்கள்தோறும் தாம்பரம் ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு, விழும் அட்டையை டைரியில் ஒட்டுவேன். முதல் அட்டையில் எண்பது. பொங்கல் வாரமாயிற்றே என்று பழியைச் சர்க்கரைப் பொங்கல் மேல் போட்டேன். பிறகு மெல்ல இறங்கியது. ஆனால் ஏப்ரல் கடைசி அட்டையில் எழுபத்தைந்தரை. மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் பழம் வந்துவிட்டது.

"ராத்திரி சாப்பாடு வேணாம்," என்றேன் மனைவியிடம்.

"பட்டினி கிடந்தா ஒன்றரை கிலோ போயிடுமா?" என்று டைரியை வாங்கிப் புரட்டினாள். "சரி, மெஷின்ல ஏறும்போது ஆபீஸ் பையை யார்கிட்ட குடுப்பீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. தோள்லதான்."

"நாலடுக்கு கேரியரோடவா?"

"ஆமா."

"தண்ணி பாட்டில், குடை?"

எனக்குக் காது சுட்டது. மின்சார ரயிலுக்கு நிற்கிற எங்களுக்குப் பிளாட்பாரத்தில் பையைக் கீழே வைக்கிற வழக்கமே இல்லை. டாக்டர் வீட்டில் மட்டும் நர்ஸ் வாங்கி வைத்திருந்தார்.

"அரைப் புள்ளி விடாம எழுதுறவருக்கு சாம்பார் வெயிட் தெரியல!" என்று சிரித்தாள்.

அப்போதே இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். பையை அவள் பிடித்துக்கொண்டாள். விளக்கு சுழன்றது, அட்டை விழுந்தது. எழுபத்து மூன்று! நான் போட்ட சத்தத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் டாக்டரின் தராசும் அதையே சொன்னது. திரும்பும் வழியில் ஒரே ஒரு பழம் வாங்கினோம். அவள் இரண்டு கதுப்பாக அரிந்து ஒன்றை என் தட்டில் வைத்தாள். தோல் வெள்ளையாகும்வரை சுரண்டிச் சாப்பிட்டேன்.

"கொட்டை கணக்குல வராதுல்ல?"

"வராது. அது எனக்கு."

அன்றைய டைரி: பங்கனப்பள்ளி, ஒரு கதுப்பு, பன்னிரண்டு நிமிடம்.