வாய்வு என்று நான் சொன்னது

இதை எழுத எனக்கு நாலைந்து வருடம் எடுத்தது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய காலம்தொட்டு இந்த நாட்டில் இருக்கிறவனுக்கு இன்னும் டொச் (ஜெர்மன் மொழி) சரிவரவில்லையா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம்தான். ஆனால் போன மாதம் கோயிலில் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "வாய்வாக்கும்" என்றார். இனியும் எழுதாமல் இருக்கக் கூடாது.

அது ஒரு புதன்கிழமை பின்னேரம். புதன் பின்னேரம் இங்கே குடும்ப டொக்டர்மார் பூட்டிவிடுவார்கள். சாமிப்படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். நடுநெஞ்சில் ஒரு பாரம். இடது கை உளைந்தது. வேர்த்துக் கொட்டியது.

மனைவி ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார். "என்னப்பா, முகம் வெளுத்துக் கிடக்கு. அம்புலன்சைக் கூப்பிடுங்கோ."

"வாய்வுக்கு ஆரும் அம்புலன்ஸ் கூப்பிடுவினமே?" என்றேன்.

அவர் விடவில்லை. டொக்டர்மார் இல்லாத நேரங்களுக்கென்று இருக்கும் பொது இலக்கத்துக்கு எடுத்தேன்.

வாய்வுக்கு டொச்சில் சொல் தெரியாது. நெஞ்சில் "லுஃப்ட்" (காற்று) என்றேன். மறுமுனையில் எடுத்த பெண் "ஷ்லெஹ்ட் லுஃப்ட்?" என்று முடியும்படி ஏதோ கேட்டார். ஷ்லெஹ்ட் என்றால் கெட்டது. கெட்ட காற்று! எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டார் என்று எனக்கு ஆச்சரியம். "யா, யா, கனக்க ஷ்லெஹ்ட் லுஃப்ட்" என்றேன்.

அவருடைய குரல் மாறியது. வேர்க்கிறதா, கை நோகிறதா என்று கேட்டார். அம்புலன்ஸ் வருகிறது, நடமாட வேண்டாம், வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள் என்றார்.

"கதவை ஏன் திறக்கட்டாம்?" என்று மனைவி கேட்டார்.

"காத்து வெளியால போகவாக்கும்."

திறந்த கதவால் அம்புலன்ஸ்காரரோடு ஒரு டொக்டரும் வந்தார். வாய்வுக்கு ஏன் இத்தனை பேர் என்று நான் யோசிக்கும்போதே ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) எடுத்தார்கள். கோட்டைப் பார்த்த டொக்டர் சொன்ன சொல் எனக்குத் தெரிந்த சொல். மாரடைப்பு.

"முருகா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக இதயம்வரை மெல்லிய குழாயை விட்டு, அடைத்த இடத்தில் ஸ்டென்ட் (இரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். மயக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கையிலிருந்து நெஞ்சுக்கு உள்ளால் ஒரு வழி இருப்பது, கைகூப்பிக் கும்பிட்ட இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

மகள் வந்தாள். நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். "அப்பா, அவ கெட்ட காத்தைக் கேக்கேல்லை. மூச்சுவிடக் கஷ்டமோ எண்டு கேட்டவா."

ஆஸ்பத்திரி டொக்டருக்கும் அதைச் சொன்னாள். வாய்வு என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்று அவர் அறிய ஆசைப்பட்டுக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

"அங்கே இருப்பது இதயம்" என்றார்.

பிழையான சொல்லைச் சரியான காதில் போட்டவன் முருகன் என்றே நம்புகிறேன். ஆனால் உங்களுக்கும் அப்படி வாய்க்கும் என்று இருந்துவிடாதீர்கள். நெஞ்சுப் பாரமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் நேரே அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வாய்வா இல்லையா என்று அவர்கள் பார்க்கட்டும்.

இப்போது சாமிக்கு முன்னால் நின்றால் விரல் தானாக மணிக்கட்டைத் தேடுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்க இவ்வளவு நேரம் இருக்கிறது.

கோயிலில் இந்தக் கதை நான் செத்துப் பிழைத்ததாக வளர்ந்திருக்கிறது. நான் சாகவில்லை. அடுத்தவருக்குச் சொல்லும்போது அற்புதம் எதுவும் சேர்க்காமல், என் டொச்சையும் திருத்தாமல், இருந்தபடியே சொல்லுங்கள்.